குருமனையைக் காலி செய்வதற்கு முன்

அடக்க ஆராதனை மாலை நாலு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. காலை பத்தரைக்குச் சேகரச் செயலர் என்னைத் தனியாக அழைத்து, “ஐயரோட வாழ்க்கைக் குறிப்பு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்துருங்கம்மா, ஆராதனையில வாசிக்கணும்” என்றார். (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபைகள் சேர்ந்தது சேகரம். அந்தச் சேகர குருவை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம், அவருக்குச் சபை கொடுக்கும் வீடு குருமனை. அப்பா அப்படி ஒரு ஐயர்.) கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா வெள்ளை அங்கியோடு படுத்திருந்தார். அம்மா பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பி துபாயிலிருந்து விமானம் ஏறிவிட்டான். நான் அப்பாவின் மேஜையில் உட்கார்ந்து “பிறப்பு” என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. ஆதாரில் இருந்த தேதி தெரியும். எந்த ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம்? வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் எப்போது? குருப்பட்டத்துக்கு முந்தின படியான டீக்கன் பட்டம் 1988-ஆ, 1989-ஆ? முப்பத்தொரு வருஷம் ஊராருடைய பிறப்பையும் கல்யாணத்தையும் சாவையும் தன் கையால் பதிவேட்டில் எழுதியவரைப் பற்றி, வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன். அதில் நான்கு தவறுகள். பிறந்த தேதி தவறு. டீக்கனாக அபிஷேகம் பெற்ற நாளைக் குருப்பட்டம் பெற்ற நாளாக எழுதிவிட்டேன். அப்பா வேலை பார்த்த எட்டுச் சேகரங்களில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஊரிலிருந்துதான் இரண்டு வேன் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். வாசித்து முடித்ததும் பின் வரிசையில் எழுந்த சலசலப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான்காவது தவறு என்ன என்று எனக்கே எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடக்க ஆராதனையில் வாசிக்கும் அந்த இரண்டு பக்கம் அன்றோடு முடிந்துபோகும் என்று நினைக்காதீர்கள். யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்துத் திருமண்டலப் (ஒரு பேராயரின் கீழுள்ள சேகரங்கள் எல்லாம் சேர்ந்தது) பத்திரிகைக்கு அனுப்பினார்கள். பத்திரிகையில் வந்ததைப் பார்த்துக் கல்லறைக் கல்லுக்கு எழுதிக் கொடுத்தோம். ஒரே தவறு மூன்று இடத்தில் ஏறிவிட்டது. அதனால் வீட்டில் குருவானவரோ, அவருக்குக் கீழே ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரோ இருந்தால், அவர் இருக்கும்போதே ஒரு சாயங்காலம் உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த கோயில், திடப்படுத்தலின் வருஷம், படித்த பள்ளிகள், எந்த இறையியல் கல்லூரியில் எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, டீக்கன் அபிஷேகம், குரு அபிஷேகம், கை வைத்து அபிஷேகம் செய்த பேராயர், சேகரங்களின் பெயர் வரிசையாக, சேர்ந்த மாதம், விட்ட மாதம், எந்தச் சேகரத்தில் எந்த ஆலயத்துக்குக் கல் நாட்டி எப்போது பிரதிஷ்டை செய்தார், கல்யாணத் தேதி, பிள்ளைகள். ஒரு முழுத் தாள் போதும். அபிஷேகத்தைப் பொறுத்தவரை டீக்கன் பட்டத்துக்குச் சில மாதமோ ஒரு வருஷமோ கழித்துத்தான் குருப்பட்டம். இரண்டுக்கும் தனித்தனிச் சான்றிதழ் இருக்கும். இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வாசிப்பதற்குத் தமிழில் ஐந்நூறு வார்த்தை என்பது நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிஷம். அதற்கு மேல் போனால் சவப்பெட்டியைச் சுற்றி நிற்கிறவர்களுக்குத் தாங்காது. பிறகு அனுதாப உரைக்கு வேறு ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள்.

இனி காகித வேலை. அப்பா இறந்தது மருத்துவமனையில், இரவு ஒன்றே முக்காலுக்கு. இரண்டு மணிக்கு ஒரு படிவத்தை நீட்டினார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மருத்துவமனையில் நடந்த மரணத்தை அவர்களே பதிவாளருக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் போகும் எழுத்து, அந்த நேரத்தில் நாம் அரைத் தூக்கத்தில் சொல்லும் எழுத்துதான். படிவத்தில் இரண்டு முகவரி உண்டு, இறந்தபோது இருந்த முகவரி ஒன்று, நிரந்தர முகவரி ஒன்று. நான் இரண்டுக்கும் குருமனை முகவரியையே சொல்லிவிட்டேன். அப்பாவின் இனிஷியல் பள்ளிச் சான்றில் ஒன்று, ஆதாரில் இரண்டு, வங்கிப் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் ‘ரெவ.’ வேறு. இறப்புச் சான்றில் ஆதாரில் உள்ளபடியே பெயர் வரவேண்டும். ‘அருட்திரு’, ‘ரெவரெண்ட்’ எதுவும் சேர்க்கக் கூடாது. மரியாதைக்காகச் சேர்க்கும் அந்த ஒரு சொல்லுக்காக வங்கியில் இரண்டு தடவை அலைந்தேன். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி. வீட்டில் இறந்தால் நாமேதான் போய்ப் பதிய வேண்டும், கிராம ஊராட்சி என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம். தவறு இருந்தால் திருத்த வழி உண்டு, ஆனால் அதற்கும் ஆதாரக் காகிதம் கேட்பார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் பையிலேயே ஆதார் நகலைப் போட்டு வையுங்கள். யாராவது ஒருவர் கண்ணாடி போட்டு எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

வாரிசுச் சான்றிதழில்தான் குருமனைப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். இ-சேவையில் விண்ணப்பித்தால் அப்போது அறுபது ரூபாய்தான். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், பிறகு தாசில்தார் என்று போகும். ஆனால் எங்கள் குருமனை இருந்த ஊரின் அலுவலர், “நீங்க வந்து ரெண்டு வருஷம்தானேம்மா ஆகுது, உங்க குடும்பத்துல எத்தனை பேர்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ரேஷன் அட்டை முந்தின சேகரத்தில் கிடந்தது. அம்மாவின் வாக்காளர் அட்டை அதற்கும் முந்தின சேகரத்தில். அப்பாவின் சொந்த ஊரில் எங்களுக்கு வீடே இல்லை. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றலாகும் குடும்பத்துக்கு ஊர் என்று ஒன்று காகிதத்தில் கிடையாது. கடைசியில் சொந்த ஊர்ச் சபையார் ஐந்து பேர் சாட்சி சொல்லி, அங்கே விண்ணப்பித்து வாங்கினோம். மூன்று மாதம் போயிற்று. பணியில் இருப்பவர்கள் ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை மூன்றையும் ஏதாவது ஒரே முகவரிக்கு, சொந்த ஊரோ மனைவியின் ஊரோ, கொண்டுவந்து வைத்துக்கொள்வது நல்லது.

வங்கிக் கணக்கு பற்றி ஒரு கசப்பான விஷயம். அப்பாவின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் அசனப் பண்டிகைக்காக (சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் பண்டிகை) வெளியூர் அன்பர்கள் அனுப்பிய 1,86,000 ரூபாய் கிடந்தது. சேகரக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாமல் “ஐயர் நம்பருக்கே போடுங்க” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாற்றிவிடலாம் என்று இருந்தவர் போய்விட்டார். கணக்கு நின்றுபோயிற்று. பண்டிகைக்கு ஆறு வாரம். கமிட்டியில் ஒருவர் கேட்ட தொனியை நான் எழுத விரும்பவில்லை. அப்பாவின் சட்டைப்பை நோட்டில் யார் யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று பைசா சுத்தமாக எழுதியிருந்ததால் தப்பித்தோம். தம்பி துபாயில் கடன் வாங்கி அந்தத் தொகையைச் சேகரத்தில் கட்டி ரசீது வாங்கினான். அதே நோட்டின் பின்பக்கத்தில், உபதேசியார்களுக்குச் சம்பளம் தாமதமான மாதங்களில் அப்பா கையிலிருந்து கொடுத்த கணக்கும் இருந்தது. அதைக் கேட்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஊழியப் பணம் ஒரு நாள்கூடச் சொந்தக் கணக்கில் தங்கக் கூடாது. நேர்மைக்குக் குறை வந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. நேர்மையானவர் செத்துப்போனால் அதை நிரூபிக்க வேண்டியவர்கள் மனைவியும் பிள்ளைகளும்.

நாமினி இருக்கும் கணக்கு என்றால் இறப்புச் சான்று, நாமினியின் அடையாள அட்டை, வங்கியின் படிவம் மூன்றும் போதும். எல்லாம் சரியாகக் கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கௌண்டரில் மெதுவாக ஞாபகப்படுத்தலாம். நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவுதான். பணம் யாருக்கு என்பதை வாரிசுச் சட்டம் சொல்லும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. எல்லாம் அம்மாவுக்குத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா வாங்கிப் போட்டிருந்த ஐந்து சென்ட் மனையை அம்மா பேருக்குக் கொண்டுவர நாங்கள் மூன்று பேரும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டியிருந்தது. வெள்ளைத் தாளில் இரண்டு சாட்சி வைத்து ஒரு உயில் எழுதியிருந்தால் இந்த அலைச்சல் வந்திருக்காது. எத்தனையோ பேருக்கு உயில் எழுதும்போது கூட உட்கார்ந்தவர் அப்பா.

சேமநிதி, பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அம்மா மனைவிதான் என்று காட்டக் கல்யாணச் சான்று கேட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு விவாகப் பதிவேட்டிலிருந்து நகல் எழுதிக் கொடுத்தவர் தன் கல்யாணத்துக்கு நகல் எடுத்து வைக்கவில்லை. 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணம் அந்தக் கோயிலின் பதிவேட்டில் கட்டாயம் இருக்கும். எண், தேதி சொன்னால் அங்குள்ள குரு நகல் தருவார். ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வையுங்கள்.

அடுத்தது குருமனை. அப்பா இறந்தது 2019 பிப்ரவரி. மே மாத மாற்றலில் புது ஐயர் வருவார். யாரும் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் யாராவது வந்து “எங்க போறதா இருக்கீங்க?” என்று அக்கறையாய்க் கேட்டார்கள். காலி செய்யும்போது முதல் வேலை, எது சபையுடையது எது நம்முடையது என்று பிரிப்பது. குருமனைக்கு ஒரு ஜாபிதா, அதாவது பொருள் பட்டியல் இருக்கும், கட்டில், பீரோ, நாற்காலி என்று. அதன் நகலை வாங்கி, செயலரோடு அறை அறையாய் நின்று சரிபார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பதிவேடுகள், திருவிருந்துப் பாத்திரங்கள் (அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் ஆராதனைக்கு உள்ளவை), முத்திரை, சாவிகள், காசோலைப் புத்தகம் எல்லாவற்றையும் எழுதி ஒப்படைத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நான் இதைச் சரியாகச் செய்தேன். நான் செய்த பெரிய தப்பு வேறு.

அப்பாவின் அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் இரண்டு சாக்கு நிறையக் காகிதம். பழைய பஞ்சாங்கம், சுற்றறிக்கை, கமிட்டி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை. மேலாகக் கிளறிப் பார்த்தேன். ஏப்ரல் வெயில், லாரிக்காரன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டேன். முப்பத்தெட்டு கிலோ, கிலோ ஒன்பது ரூபாய், 342 ரூபாய் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அம்மா, “அப்பாவோட பிரசங்க நோட்டெல்லாம் எந்தப் பெட்டியில வச்சிருக்க?” என்று கேட்டாள். அப்பா பிரசங்கக் குறிப்பை நோட்டில் எழுதுவதில்லை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், சுற்றறிக்கையின் வெற்றிடத்தில் எழுதுவார். கீழே எந்த ஊர், எந்தத் தேதி, எந்த ஞாயிறு என்று சிறியதாய் ஒரு வரி இருக்கும். முப்பத்தொரு வருஷம், வாரத்துக்கு இரண்டு மூன்று. பேப்பர்க்காரரைத் தேடிப் போனபோது மூட்டை சிவகாசிப் பக்கம் போய்விட்டது என்றார். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கும் பழைய பேப்பர் வண்டிச் சத்தம் கேட்டால் வயிற்றை என்னவோ செய்கிறது.

காகிதத்தை விற்கும் முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நேரமில்லை என்றால் அப்படியே அட்டைப் பெட்டியில் கட்டி, வேப்பிலை போட்டு, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் ஒரு வருஷம் வையுங்கள். வேதாகமத்தின் ஓரக் குறிப்புகள், பஞ்சாங்கத்தின் கட்டங்களில் கிறுக்கியவை, திருவிருந்துப் பெட்டிக்குள் செருகிய சீட்டுகள், இவற்றில்தான் ஒரு குருவின் வாழ்க்கை கிடக்கும். வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்க அப்பா கொண்டுபோகும் சின்னப் பெட்டி மிஞ்சியது. ஒரு குட்டிக் கிண்ணம், ஒரு தட்டு, திராட்சை ரசத்துக்கு ஒரு மருந்துப் பாட்டில், எல்லாம் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க அம்மாவின் பழைய நூல் சேலைத் துண்டு. மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் பதினோரு பெயர், நாலு பெயருக்கு மேல் கோடு.

போன காகிதத்துக்கு ஈடாகத்தான் பதிவேடுகளைத் தேடிப் போனேன். அது 2019 ஜூனிலிருந்து ஜனவரி வரை, எட்டு மாதம். பஸ், ஆட்டோ, காபி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு கோயிலிலும் ஆராதனைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆராதனைக்கும் தேதி, நேரம், நடத்தியவர், பிரசங்கித்தவர், பிரசங்க வசனம், வந்தவர்கள் எண்ணிக்கை, திருவிருந்து எடுத்தவர்கள், காணிக்கை. யாரும் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு குரு எந்த நாளில் எங்கே நின்று என்ன பேசினார் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. 1994 கிறிஸ்துமஸ் அன்று அப்பா விடிகாலை மூன்றரைக்கு ஒரு கிராமம், ஐந்தரைக்கு இன்னொன்று, எட்டுக்குத் தாய்க்கோயில், பத்தரைக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று ஐந்து ஆராதனை நடத்தியிருக்கிறார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு ஏன் எப்போதும் நாலு மணிக்கு என்று சின்ன வயதில் கோபப்பட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கோபம் தணிந்தது என்று சொல்ல மாட்டேன். கணக்கு புரிந்தது.

பதிவேடு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் சேகர குருவுக்குக் கடிதம் எழுதுங்கள், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எந்தப் பதிவேடு என்று குறிப்பிட்டு. சும்மா போய் நின்றால் “பழசெல்லாம் எங்க இருக்குன்னு பாக்கணும்” என்றுதான் பதில் வரும். சனி, ஞாயிறு போகாதீர்கள். டிசம்பர் மாதம், ஈஸ்டருக்கு முந்தின தவசு நாட்கள், அசனப் பண்டிகை வாரம் போகாதீர்கள். பல ஐயர்மாருக்குத் திங்கள்தான் ஓய்வு, அன்றும் வேண்டாம். செவ்வாய் முதல் வியாழன் வரை காலை நேரம் நல்லது. புது ஐயருக்குப் பழைய பெட்டி தெரியாது. கோயிலில் மணி அடிக்கிற பெரியவருக்குத் தெரியும், அவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பதிவேட்டை வெளியே எடுத்துப் போகக் கேட்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்தால் பழைய பைண்டிங் முதுகு ஒடியும். ஜன்னலோரம் மேஜை போட்டு வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் எடுங்கள். முதலில் அட்டை, பிறகு பக்க எண் தெரியும்படி முழுப் பக்கம், பிறகு வேண்டிய வரி மட்டும். விரலை எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பசை பழுப்பேறி மையைத் தின்றுவிடும். இன்னொன்று, திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. அதற்கு முன்னால் அபிஷேகம் பெற்றவர்கள் பிறகு எந்தப் பக்கம் வேலை பார்த்திருந்தாலும் அபிஷேகப் பதிவைத் திருநெல்வேலித் திருமண்டல அலுவலகம் இருக்கும் பாளையங்கோட்டையில்தான் முதலில் கேட்க வேண்டும். தாத்தா காலம் வரை போகிறவர்கள், ஊர் சி.எம்.எஸ். மிஷனா எஸ்.பி.ஜி. மிஷனா (இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிச் சங்கங்கள்) என்று தெரிந்துகொண்டு போங்கள். மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ்., நாசரேத்தும் இடையன்குடியும் எஸ்.பி.ஜி. காகிதங்கள் அந்த வழியாகத்தான் சேர்ந்திருக்கும்.

அப்பாவின் சொந்த ஊர்க் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தது. பிறப்பு 1957 அக்டோபர். ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் 1958 ஜூன் 3. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் விரல் விட்டு எண்ணி ஜூனில் ஒரு தேதி போட்டுவிடுவார். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். இப்படி இரண்டு தேதி இருந்தால், அரசு, வங்கி, ஓய்வூதியக் காகிதம் எதிலும் பள்ளித் தேதியை மாற்றப் போகாதீர்கள், எல்லாம் சிக்கிவிடும். வாழ்க்கைக் குறிப்பிலும் கல்லிலும் ஞானஸ்நானப் பதிவேட்டுத் தேதியைப் போடலாம்.

இரண்டாவது சேகரத்தில் அடக்கப் பதிவேட்டை நான் கேட்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேடு என்று நினைத்து அந்தப் பெரியவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். 1992. ஒன்பது நாள் பெண் குழந்தை. தகப்பன் பெயர் கட்டத்தில் அப்பாவின் பெயர், தொழில் கட்டத்தில் குரு. அடக்கம் நடத்தியவர் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து. மேலும் கீழும் உள்ள வரிகளைப் போலவே நேராக இருந்தது. எனக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் நினைவில்லை. வாழ்க்கைக் குறிப்பில் “மூன்று பிள்ளைகள்” என்று எழுதியிருந்தேன். அதுதான் நான்காவது தவறு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சொல்லவில்லை. பிறகு படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “பக்கத்துச் சேகரத்து ஐயர் வர சாயங்காலம் ஆகும்னாங்க. பிள்ளைய வச்சிருக்க முடியாதுன்னு அவியளே பண்ணிட்டாக” என்றாள். பழைய பதிவேட்டில் வீட்டு விஷயம் எதுவும் கிடைக்கலாம். அச்சில் போடும் முன் உயிரோடு இருப்பவரிடம் கேளுங்கள். அம்மா ஒரு வரி போடச் சொன்னாள்.

மனிதர்களிடம் கேட்பதும் ஒரு வேலை. “ஐயரைப் பத்திச் சொல்லுங்க” என்றால் எல்லாரும் “தங்கமான மனுஷன்” என்பார்கள். அதை வைத்து ஒரு பக்கமும் எழுத முடியாது. “உங்க வீட்டுக்குக் கடைசியா எப்ப வந்தாங்க, எங்க உக்காந்தாங்க, என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டால் கொட்டும். ஒரு பனையேறி வீட்டில், அப்பா வந்ததும் ஜெபத்துக்கு முன்னால் நோயாளியின் மாத்திரை அட்டையை வாங்கித் தேதி பார்ப்பார் என்றார்கள். இன்னொரு வீட்டில், அடக்கத்துக்கு முன்னால் நடக்கும்போது மழை பெய்தாலும் குடை விரிக்க மாட்டார் என்றார்கள். அம்மாவையும் கேளுங்கள். ஊழியம் என்று நாம் எழுதுவதில் பாதி ஐயரம்மா செய்தது. பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, நடுராத்திரியில் கதவு தட்டுகிறவனுக்குச் சோறு. நான் எழுதிய முதல் குறிப்பில் அம்மாவுக்கு ஒரே ஒரு வரி இருந்தது, அதுவும் “இவருக்கு உறுதுணையாக” என்று.

முதலாம் ஆண்டு ஞாபகார்த்த ஆராதனைக்கு நினைவு மலர் போட்டோம். 64 பக்கம், நடுவில் பின் அடித்தது, 600 படி, 41,000 ரூபாய். இருநூற்றுச் சொச்சம் இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. 300 போதும், வெளியூர்க்காரர்களுக்குப் பி.டி.எஃப். அனுப்பிக்கொள்ளலாம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் வரும் அல்லது ஒரு பக்கம் அடங்காது. படங்களை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பழைய படங்களைக் கைப்பேசியில் எடுக்காமல், அச்சிடும் அளவில் 300 டி.பி.ஐ. வரும்படி ஸ்கேன் செய்யுங்கள். முக்கியமாக, நாம் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பதைச் சில அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அதில் கிரந்த எழுத்துதான் முதலில் போகும். எங்கள் முதல் புரூஃபில் ‘ஸ்’ எல்லா இடத்திலும் காணாமல் போய், கிறிஸ்து ‘கிறிது’ ஆகவும் ஞானஸ்நானம் ‘ஞானநானம்’ ஆகவும் இருந்தது. கிறிஸ்தவ வீட்டு மலரில் ‘ஸ்’ இல்லாவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? மாற்றிய பிறகு வரும் புரூஃபை மறுபடி முழுதாக வாசியுங்கள். எழுதியவர் வாசிக்கக் கூடாது, வேறு இரண்டு பேர் வாசிக்க வேண்டும்.

கல்லறைக் கல் கடைசி. நாங்கள் அவசரப்பட்டு நாற்பதாம் நாள் ஜெபத்துக்குள் மேடை கட்டிக் கிரானைட் பதித்தோம், 28,000 ரூபாய். நவம்பர் மழையில் ஒரு பக்கம் மண் இறங்கி மேடை வெடித்து, கல் ஒரு விரல்கடை சாய்ந்தது. குழி மூடிய மண் ஒரு மழைக்காலமாவது குடித்து இறங்க வேண்டும். அதுவரை மரச் சிலுவையும் நாலு மூலைக் கல்லும் போதும். கரிசல் மண் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும், அது மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும். மழை முடிந்து, அடியில் ஜல்லி போட்டு இறுக்கி, சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை கட்டி, அதன் மேல் மேடை. எழுத்தைப் பெயின்ட்டில் எழுதாமல் வெட்டச் சொல்லுங்கள், பெயின்ட் போனாலும் பள்ளம் நிற்கும். வசனம் முழுதும் வெட்டினால் எழுத்து சின்னதாகி நாலு அடி தள்ளி நின்று வாசிக்க முடியாது. வசனத்தின் எண்ணை மட்டும் போடலாம், 2 தீமோத்தேயு 4:7 (“நல்ல போராட்டத்தைப் போராடினேன்”) என்றால் எங்கள் ஊரில் கண் தெரியாத பாட்டிக்கும் தெரியும்.

தேதி தவறு என்பதால் எப்படியும் அந்தக் கல்லை எடுக்க வேண்டியிருந்தது. புதுக் கல்லுக்கு 2020 ஜனவரியில் கொடுத்தோம், எழுத்து வேலைக்கு மட்டும் 9,500. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினோம். கல் தச்சர் தாளை வாங்கி எண்ண ஆரம்பித்தார். ‘கொ’ என்பது ஒரு எழுத்து என்றேன். “உங்களுக்கு ஒண்ணு. எனக்குக் கொம்பு தனி, கால் தனி, மூணு” என்றார். அதற்கும் பேசித் தீர்த்தோம். தாளை மடித்துப் பையில் வைக்கும் முன், நான் கேட்டுக்கொண்டபடி, தேதியில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசித்துக் காட்டினார். அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.